கழிவறைத் தீர்மானம்

முதலாளி சலவைக்கூடத்தைக் கைவிட்டுப் போனபோது, அங்கே வேலை பார்த்த பதினான்கு பேரும் அதைத் தாங்களே நடத்துவது என்று முடிவு செய்தார்கள். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. இனி மேஸ்திரி கிடையாது. எதுவானாலும் கூடிப் பேசி, கை தூக்கி, பெரும்பான்மைப்படிதான். இதற்காக எல்லாரையும்விட அதிகம் வாதாடியவள் இஸ்திரி உருளையில் நின்ற பெண். அந்த வாய்க்காகவே அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். தலைவியாக வந்தவள் அவளுடைய நாத்தனார், மடிப்பு மேசைக்காரி.

முதல் கூட்டத்தில் டீ நேரம், விடுமுறை, ரேடியோ எல்லாம் மளமளவென்று முடிந்தன. கடைசியாகக் கழிவறைக் கட்டை வந்தது. மேஸ்திரி காலத்திலிருந்து ஆணியில் தொங்கும் ஒரு மரக்கட்டை அது. கழிவறைகள் மூன்று இருந்தும், கட்டையை எடுத்தவர்தான் போகலாம். அவர் திரும்பி வந்து மாட்டும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

"உருளைக்கு ரெண்டு பேர் வேணும். ஆளாளுக்கு எழுந்து போனா விரிப்பு தீஞ்சிடும்," என்றாள் நாத்தனார். "கட்டை இருக்கட்டும். இப்ப அது நம்ம கட்டைதானே?"

நியாயமாகத்தான் பட்டது. பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. வக்கீலின் கையும் அதில் ஒன்று.

மூன்றாம் நாள் அவளுக்கு வயிறு கடமுடா என்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஆணி காலி. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் மேஸ்திரியின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அதில் அழுக்கு மூட்டை உட்கார்ந்திருந்தது. அந்த மனிதரை எத்தனை தடவை மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். இப்போது யாரைத் திட்டுவது? பன்னிரண்டு பேரையா? அதில் ஒருத்தி அவளேயாயிற்றே. ஒன்றும் புரியாமல், கட்டை இல்லாமலே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. "உள்ள யாரு?" என்றாள் நாத்தனார்.

"நான்தான் அண்ணி."

"கட்டை பாய்லர்காரர் கையில இருக்கு. நீ எப்படி உள்ள இருக்கே?"

"கட்டையைக் கேட்டுக்கிட்டா வயித்த வலிக்கும்?"

"சரி, மெதுவா வா. ஆனா சாயங்காலம் கூட்டத்துல வச்சே ஆகணும்."

கூட்டத்தில், வெந்நீர் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரர்தான் முதலில் கேட்டார். "நீயும்தானேம்மா கை தூக்கினே?"

"தூக்கினேன். அன்னிக்கு வயிறு நல்லா இருந்துச்சு." சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இது கை தூக்கி முடிவு பண்ற விஷயமே இல்லைன்னு தோணுது. பதினாலு பேரும் ஒண்ணா நின்னு சொன்னாலும்."

"எனக்கு மத்தியானம் ஆனா கண்ணு சொக்குது. அதுவும் உடம்புதான். அதையும் விட்டுடலாமா?" என்றார் பாய்லர்காரர்.

தூக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று வக்கீலுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

"இதுல ஓட்டு கிடையாது, அதுல ஓட்டு கிடையாதுன்னு போனா அப்புறம் கூட்டம் எதுக்கு?" என்றாள் நாத்தனார். "மேஸ்திரியையே திரும்பக் கூப்பிட்டுக்கலாம்."

அதுவும் சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் கட்டையை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். எடுக்கலாம் என்று ஒன்பது கைகள், வேண்டாம் என்று நான்கு. வக்கீல் இரண்டுக்கும் தூக்கவில்லை.

"அதான் உன் பக்கம் ஜெயிச்சாச்சே," என்றார் பாய்லர்காரர். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மூணு பேர் மனசு மாறினா நாளைக்கே கட்டை திரும்பி வந்துடுமே அண்ணே."

"மாறினா மறுபடி பேசிக்கலாம்."

மறுபடி பேச முடியும் என்பதுதான் அவள் சொல்லவந்த குறையே. ஆனால் அவர் ஆறுதலாகச் சொன்னதை எப்படி மறுப்பது?

வக்கீலுக்கும் நாத்தனாருக்கும் ஒரே வீடு. சேர்ந்துதான் நடந்தார்கள்.

"நான் வேணாம்னுதான் தூக்கினேன்," என்றாள் நாத்தனார்.

"பார்த்தேன் அண்ணி."

"விரிப்பு தீஞ்சா ஹோட்டல்காரன் என்னத்தானே கேப்பான். கோவமா?"

"யார் மேல கோவப்படுறதுன்னே தெரியல. உங்க மேல பட்டுக்கட்டுமா?"

"படு. சாப்பிடுறதுக்குள்ள முடிச்சிடு."

தெருக்கோடி வரைக்கும் அவள் முயன்று பார்த்தாள். கோபம் வரவில்லை.