நன்கொடைப் பட்டியலில் ஒரு பெயர்

"ஐம்பதாயிரத்த எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கணவன் கேட்டபோது, அவள் அவனுடைய முறிந்த காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இலவச அறுவை சிகிச்சைக்கு அவள் போட்ட மனு அன்றுதான் திரும்பி வந்திருந்தது. தேர்தலில் நிற்கும் வேட்பாளருக்கு ஐம்பதாயிரம் நன்கொடை கொடுக்க வசதியுள்ள குடும்பத்துக்கு இலவசம் கிடையாதாம். கூடவே நன்கொடையாளர் பட்டியலையும் இணைத்திருந்தார்கள். அவள் பெயர், கதவு எண் எல்லாம் அட்சரம் பிசகாமல் இருப்பதாக அவன் வாசித்துக் காட்டினான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

தையல் கம்பெனியில் அவள் இஸ்திரி போடுகிறவள். இரண்டு மாதத்துக்கு முன் சாப்பாட்டு நேரத்தில், சம்பள உயர்வுக்கான தாள் என்று சொல்லி ஒரு கட்டைக் கொண்டுவந்தார் சூப்பர்வைசர். வேட்பாளருக்கு ஒரு ஆள் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று சட்டம்; முதலாளிக்கோ கொடுக்க மனசு நிறைய இருந்தது. அதனால் அவர் பணத்தைப் பிரித்துக் காட்ட அறுபது பெயர்கள் தேவைப்பட்டன. மற்றவர்கள் மையில் கட்டைவிரலைத் தோய்க்க, அவள் மட்டும் பெருமையாகப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மகள் ஒரு மழைக்காலம் முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து அது.

நடந்ததைச் சொன்னாள். கணவன் நம்பினான். நம்பாவிட்டால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பணம் தன்னுடையது இல்லை என்று கம்பெனியில் ஒரு கடிதம் கேட்டுப் பார்த்தாள். கொடுத்தால் முதலாளி மாட்டிக்கொள்வார், வேலையும் போய்விடும் என்றார் சூப்பர்வைசர். அவள் போய் மறுபடி காலர்களைத் தேய்த்தாள்.

அடுத்த வாரம் எதிர்ப்பக்கத்து வேட்பாளரின் கை ஓங்குவதாகப் பேச்சு வந்தது. முதலாளி இரண்டு பக்கமும் துண்டு போட்டு வைக்கிறவர். புதுக் கட்டு வந்தது. சூப்பர்வைசர் அவளிடம் பேனாவை நீட்டினார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது சார்."

"போன தடவ அழகாப் போட்டியேம்மா?"

"அது நான் இல்ல சார். அவகிட்ட ஐம்பதாயிரம் இருந்துச்சு."

அவர் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.