இரண்டாம் அரங்கில் நடப்பட்டவர்

சென்னையில் பழைய சினிமா படப்பிடிப்புத் தளத்தை இடித்துக் கட்டிய கண்காட்சி மையத்தின் இரண்டாம் அரங்கில், ஏற்பாட்டாளர் விஸ்வா இடுப்பு வரை தரைக்குள் இறங்கி நிற்கிறார். நகைக் கண்காட்சி, டைல்ஸ் கண்காட்சி, கல்யாணக் கண்காட்சி எல்லாம் அவரைச் சுற்றித்தான் நடக்கின்றன. தூணுக்கு இடம் விட்டு ஸ்டால் போடுவதுபோல் அவருக்கும் இடம் விட்டுப் போடுகிறார்கள்.

அவரை நட்டது அம்சவல்லி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அம்மா அஞ்சலை, விஸ்வாவின் தாத்தா பண்ணையில் காலமெல்லாம் நடவு நட்டவர். அம்சவல்லிக்கு இன்று சொந்த நிலம், மகள் எழில்மொழி பொறியாளர். சில ஆண்டுகளுக்கு முன் நடவு இயந்திரம் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருந்தார். இதே அரங்கில் விஸ்வா நடத்திய வேளாண் கண்காட்சி மேடையில் ஊரறியச் சாவி தருவதாகக் கம்பெனி அழைத்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார். அந்தச் சாவியைக் கையில் வாங்கும் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும், வேறு ஆசை இல்லை.

விஸ்வா அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டதுதான் வினை. "அடடே, நம்ம அஞ்சலை மகளா? நல்ல நேரத்துல வந்த. அந்தச் சேத்துல எறங்கி நாலு நாத்துமுடி நட்டுக் காட்டு, ஜனங்க பாக்கட்டும்." கம்பெனி ஸ்டாலில் தொட்டி கட்டிச் சேறு நிரப்பி, மேலே 'அன்று' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் 'இன்று' என்ற பலகையின் கீழ் இயந்திரம். "நான் வண்டி வாங்க வந்தவங்க" என்று அம்சவல்லி சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மேடையில் சாவி, சீரியலில் விவசாயியாக வரும் நடிகர் கைக்குப் போனது. படத்துக்கு எடுப்பாக இருக்குமாம். வாங்கியவர் கிள்ளுக்கீரை, ஒட்டுமீசைக்காரர் விவசாயி!

அம்சவல்லி நேரே தொட்டிக்கு நடந்தார். தொட்டியோரம் கிடந்த நாற்றுமுடி ஒன்றை எடுத்து விஸ்வாவின் வழியில் குறுக்கே வைத்தார். நடவுப் பெண்கள் வரப்பில் வருகிறவரை இப்படி மறிப்பது டெல்டாவில் வழக்கம். மறிக்கப்பட்டவர் தன் கையால் எதையாவது அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். விஸ்வா சிரித்துக்கொண்டே நாற்றைத் தாண்டினார். தாண்டிய கால் கணுக்கால் வரை கம்பளத்துக்குள் இறங்கியது. பிறகு மறுகாலும் இறங்கியது.

தீயணைப்பு வண்டி வந்தது. கான்கிரீட்டைத் தோண்டத் தோண்ட வண்டல்தான் வந்தது. வேறு வழியில்லாமல் விஸ்வா சாவியை வரவழைத்தார். கம்பெனி மேனேஜர் அதை அம்சவல்லியிடம் நீட்டினார்.

"அவரு கையால குடுக்கச் சொல்லுங்க" என்றார் அம்சவல்லி.

விஸ்வாவும் நீட்டினார். கை அம்சவல்லியின் கைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. விரல்கள் விரிந்தன; மேலிருந்து போட்டதை ஏந்தாமல் அம்சவல்லி கையை இழுத்துக்கொள்ள, சாவி தரையில் விழுந்தது. மறுபடி முயன்றார், மறுபடி விழுந்தது. அவர் தாத்தா வெற்றிலையைக்கூட அஞ்சலை கையில் இப்படித்தான் மேலிருந்து போடுவார், விரல் படாமல். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலுக்கும் முந்திய பழக்கம்.

"கீழ விழுந்தத பொறுக்குறதெல்லாம் எங்கம்மாவோட போச்சு" என்று சொல்லிவிட்டு அம்சவல்லி ரயிலேறினார். முன்பணத்தைத் திரும்ப வாங்கி, வேறு கடையில் இயந்திரம் எடுத்துக் குறுவை நட்டார்.

விஸ்வா நின்ற இடத்திலிருந்தே தொழில் நடத்துகிறார். மேட்டூர் அணை திறந்தால் அவரைச் சுற்றித் தண்ணீர் ஊறும், ஊழியர்கள் துடைத்துவிடுவார்கள். வேளாண் கண்காட்சிதோறும் அம்சவல்லி வந்து கையை நீட்டுகிறார். சாவி விழும். விழும்போதெல்லாம் விஸ்வா கொஞ்சம் இறங்குவார்.

இந்த ஆண்டு அவருக்கே சலித்துவிட்டது. "நீதான் வண்டி வாங்கிட்டியே, இன்னும் எதுக்கு வர்ற?"

"வண்டிக்கா வர்றேன்? குடுங்க."

கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. சாவி விழுந்தது. பக்கத்து ஸ்டால்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் சில கண்காட்சிகள் போனால் அவர் கை எவ்வளவு எட்டினாலும் அம்சவல்லியின் கைக்குக் கீழேதான் இருக்கும், மேலிருந்து போட வழியிருக்காது. அம்சவல்லிக்கு அவசரமில்லை.