பீட்ரூட் உடுப்பு

லோனா நிலவறைப் படிகளில் தடதடவென்று இறங்குவதற்குள் சலவை இயந்திரம் சுற்றத் தொடங்கிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால், நுரையில் அப்பாவின் சிவப்பு உடுப்பு புரண்டுகொண்டிருந்தது.

"அம்மா! என்ன காரியம் பண்ணிட்டே?"

அம்மா ஆர்டிஸ் சோப்புத்தூள் டப்பாவை மூடினாள். முந்தாநாள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த அவள் கணவர் வெர்லின் அப்படியே சாய்ந்துவிட்டார். நாளை அடக்கம்.

ஊர்க் கல்லூரிக்குச் சின்னம் பருந்து. பருந்தை எவன் கண்டான் அங்கே? திரும்பின பக்கமெல்லாம் பீட்ரூட் வயல்தான். மாணவனாக இருந்தபோது வெர்லின் விளையாட்டாக பீட்ரூட் வேஷம் கட்டிக் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் போனார். அன்று அணி ஜெயித்தது. பிறகு மாணவர்கள் அவரை விடுவார்களா? பருந்துக்கு அவமானம் என்று நிர்வாகம் வாசலில் மறிக்கும். மாணவர்கள் தங்கள் மேல்கோட்டுகளுக்கு நடுவே அவரை ஒளித்து உள்ளே கொண்டுபோவார்கள். தபால்காரராகி, தலை நரைத்து, முழங்கால் தேய்ந்தும் ஒரு ஆட்டம் விடவில்லை மனுஷன். மறிப்பதையும் கடைசிவரை நிர்வாகம் விடவில்லை.

அவருக்கு ஒரே சட்டம்தான். அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை உடுப்பில் தண்ணீர் படக்கூடாது, தோற்றால்தான் துவைக்கலாம். இந்த ஆண்டு அணி தோற்கவே இல்லை. உடுப்பின் நாற்றம் குடலைப் பிடுங்கும். டென்வரிலிருந்து வந்திறங்கிய லோனா தேடியது அந்த நாற்றத்தைத்தான். அப்பா இன்னும் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான்.

இயந்திரம் ஓய்ந்தது. ஈர உடுப்பை எடுத்து முகத்தில் புதைத்தாள். வெறும் சோப்பு வாசனை.

அப்போதுதான் அணித் தலைவன் கோல்பி படியிறங்கி வந்தான். சாயங்கால ஆட்டத்துக்கு உடுப்பை வாங்கிப்போக வந்தவன்.

"ஐயோ ஆன்ட்டி, துவைச்சிட்டீங்களா? நாம ஒண்ணுலகூடத் தோக்கலியே!"

"நீங்க தோக்கலப்பா," என்றாள் ஆர்டிஸ். "நான்தான் தோத்துட்டேன்."

கோல்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். லோனாவுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"குடுடி. சாயங்காலத்துக்குள்ள காயணும்ல."

உடுப்பை மேசைமேல் விரித்தாள் ஆர்டிஸ். தலைமுடி காயவைக்கும் டிரையரை எடுத்துவந்து, கைப்பகுதிக்குள் சூடான காற்றை விட்டாள். தொங்கிக் கிடந்த கை மெல்ல உப்பி, மேசையிலிருந்து எழுந்தது.