கூட்டத்தில் சொன்னது

அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. பல் துலக்கினேன். பால் பொங்கும்வரை அடுப்பருகே நின்றேன். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டேன். ஜன்னலைத் திறந்தால் வழக்கமான வெளுத்த வானம். வெயிலைத் திருப்பியனுப்ப விமானங்கள் உயரத்தில் துகள் தூவத் தொடங்கிய பிறகு நீலம் தெரிவதில்லை. சூடு குறைந்திருப்பது உண்மைதான். இந்தக் கோடையில் எங்கள் தெருவில் யாரும் சுருண்டு விழவில்லை. போன கோடையில் என் மனைவி விழுந்தாள், பேருந்து நிறுத்தத்தில்.

அழைப்பு மணி அடித்தது. அவளுடைய தம்பி.

“வானத்துக்கு வெள்ளையடிச்சிட்டீங்க. வீட்டுக்கு எப்ப மாமா?” என்று சிரித்தான். உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. “விதைச்சது காஞ்சு போச்சு. மறுபடி விதைச்சதும் போச்சு. மழை இல்லாததுக்கும் இந்தத் துகள் தூவுறதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு உங்க ஆபீஸ்ல சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, நம்புறேன்.”

அதுதான் என் வேலை. துகள் தூவினால் எங்கே மழை குறையும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது. எப்படி ஓட்டினாலும் அவன் ஊர்ப் பக்கம் குறைந்தது. திட்டம் தொடங்குமுன் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து இதையேதான் கேட்டார். நான் மைக்கை வாங்கினேன். கணக்கைச் சொல்லவில்லை. என் மனைவி வெயிலில் செத்ததைச் சொன்னேன். ‘தாங்க முடியலைங்க’ என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்றேன். அரங்கம் அடங்கிப்போனது. அந்தப் பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“குறையும்னு தெரியும்,” என்றேன். “முன்னாடியே.”

அவன் நான் கொடுத்த காபி டம்ளரைக் கீழே வைத்தான். என்மேல் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“அன்னைக்கு நானும் பின்வரிசைல இருந்தேன் மாமா. நீங்க பேசினதக் கேட்டு அழுதேன். எங்க ஊர்க்காரங்க எதிர்த்துக் கேக்க எந்திரிச்சாங்க. எங்க மாமா பொய் சொல்லமாட்டாரு, உக்காருங்கன்னு நான்தான் கையப் பிடிச்சு இழுத்தேன்.” தலையை நிமிர்த்தினான். “அக்கா நிஜமாவே அப்படிச் சொன்னாளா?”

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுடைய வெடிப்பேறிய பாதங்களைப் பார்த்தேன். அன்று விழுவதற்குச் சற்று முன் நிறுத்தத்திலிருந்து அவள் எனக்குப் போன் செய்தாள். திரையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ‘ம்’ என்றேன், வைத்துவிட்டேன். அவள் பேசியதை, அவள் பேசியபடியே, அவனிடம் சொன்னேன்.

“ஏங்க, தம்பி ஊர்ல மழையாம். போன்லயே சத்தம் கேக்க வெச்சான். இங்க நின்னுக்கிட்டே நனைஞ்ச மாதிரி இருக்கு.”