கிணற்றுக்கு நாற்பதடியில்

மார்ச் மாத முதல் வாரத்தில் ராஜமேரியின் கிணற்றில் தண்ணீர் நான்கு படி இறங்கியது. 1982-ஆம் வருஷம் அது. வெயில் இன்னும் முழுசாக ஏறியிருக்கவில்லை. விடிந்ததும் கிணற்றுமேட்டில் போய் நிற்பாள். புதிதாக வெளியே தெரியும் படியில் பாசி காய்ந்து உரிந்திருக்கும். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். கணவன் ஞானராஜிடம் ஒன்றும் சொல்லமாட்டாள்.

அரூரிலிருந்து பத்து மைல் உள்ளே இருந்தது கோடிப்பாறை. முப்பது வீடு, ஓடு வேய்ந்த ஒரு மாதா கோயில், சோளமும் ராகியும் விளையும் மேட்டுநிலம். பொங்கல் கழிந்த கையோடு சர்க்கார் லாரிகள் வந்தன. பாறைக்கு அடியில் இரும்போடு சேர்த்து உருக்குகிற ஏதோ தாது இருக்கிறதாம். இயந்திரத்தை நட்டுத் துளை போட்டார்கள். துளைக்குள்ளிருந்து கரும்பு போல நீளமாகக் கல்லை உருவி மரப்பெட்டியில் அடுக்கினார்கள். இயந்திரத்தின் முனை சூடேறாமலிருக்க ஓயாமல் தண்ணீர் ஓடவேண்டும். அதற்கு ராஜமேரியின் கிணற்றை வாடகைக்குப் பேசிக்கொண்டார்கள். மோட்டார் போட ஞானராஜுக்கு வேலை, கூடாரத்தில் சமைக்க அவளுக்கு வேலை. மூன்றாவது துளையைக் கிணற்றிலிருந்து நாற்பதடி தள்ளிப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் தண்ணீர் இறங்கியது.

ஊரில் வேறு பேச்சே இல்லை. சுரங்கம் வரும், குவார்ட்டர்ஸ் கட்டுவார்கள், ஹைஸ்கூல் வரும், மணிக்கொரு பஸ் வரும் என்றார்கள். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணப்பன் என்பவர் புல்லட்டில் வந்து நிலம் கேட்டார். பக்கத்துக் காட்டுக்கார அர்ச்சுனன் மூன்று ஏக்கரையும் எழுதிக்கொடுத்துவிட்டான்.

"சர்க்கார் எடுத்தா சும்மாதான் எடுப்பான். அதுக்கு முன்னால இவருக்குக் குடுத்துட்டு ரோட்டோரம் ஒரு ஓட்டல் போட்டுக்கலாம்," என்றான் ஞானராஜ். "திங்கக்கெழம ரிஜிஸ்தர்னு சொல்லிட்டேன்."

நிலம் அவள் அப்பா மரியசூசை அவள் பேருக்கு எழுதி வைத்தது. கையெழுத்து அவள்தான் போடவேண்டும்.

"எனக்கு மனசு ஒப்பலீங்க," என்றாள்.

"உனக்கு எப்ப ஒப்புச்சு?"

கூடாரத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். போலந்து தேசத்துச் சுரங்க இஞ்சினியர். வ்ரூபெல் என்பது பெயர். ஊர்க்காரர்களின் வாயில் அது ராபேல் சார் என்று ஆனது. முதல் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வந்து மண்தரையில் முழங்காலிட்டார். அதிலிருந்து கிழவிகள்கூட அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

கொஞ்ச நாளாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வைத்த சோறு வைத்தபடி திரும்பி வந்தது. உப்பு கூடிவிட்டதோ என்று பயந்து, சூப்பர்வைசர் குப்புராஜிடம் கேட்டாள். குப்புராஜ் சேலத்துக்காரர். சாரின் ஆங்கிலம் அவர் ஒருவருக்குத்தான் பிடிபடும்.

"சமையல்ல ஒண்ணுமில்லம்மா. அவங்க நாட்ல ராணுவம் வந்து உக்காந்துக்கிச்சு. சாரோட தம்பி சுரங்கத்துல வேல பாக்குறாரு. டிசம்பர்ல தொழிலாளிங்க எல்லாம் உள்ள எறங்கி, மேல வரமாட்டோம்னு உக்காந்துட்டாங்களாம். அதுக்கப்புறம் ஒரு கடுதாசி வரல. தெனமும் அரூர் போஸ்டாபீசுக்கு ஜீப் அனுப்புறாரே, அதுக்குத்தான்."

அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும் வைத்துக் கொடுத்தாள். பாதி குடித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தட்டை வைத்துவிட்டுக் கூடார வாசலிலேயே நின்றாள்.

"சார்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? சுரங்கம் வருமா வராதா? நாளன்னைக்கு நான் கையெழுத்துப் போடணும்."

குப்புராஜ் தயங்கிவிட்டுக் கேட்டார். ராபேல் சார் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"ரிப்போர்ட்டப் பத்திப் பேசக்கூடாதாம். முடிவு பண்றதும் அவரில்லையாம்," என்றார் குப்புராஜ்.

"அவங்க ஊர்ல சுரங்கம் வந்தப்ப என்ன ஆச்சுன்னாவது கேளுங்க."

அதைக் கேட்டதும் சார் ஸ்பூனை வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். குப்புராஜ் விட்டுவிட்டுச் சொன்னார்.

"அவங்க தாத்தாவுக்கு உருளக்கெழங்குக் காடு இருந்துச்சாம். ஈயமும் துத்தநாகமும் கெடைக்குதுன்னு கம்பெனி வந்துச்சாம். பத்து வருஷத்துல மூவாயிரம் பேர் இருக்குற ஊராயிடுச்சு. ரொட்டிக்கடை, சினிமாக் கொட்டாய், செங்கல்ல பெரிய கோயில், பேண்டு செட்டு. சம்பளம் போடுற நாள்தான் ஊருக்கே திருவிழா. கடைக்காரன், தையக்காரன், சாமியாரு, எல்லாருக்கும் அந்தச் சம்பளத்துலதான் பொழப்பு."

"தண்ணி?"

"சுரங்கத்துல ஊறுற தண்ணிய ராவும் பகலும் எறைச்சிக் கொட்டுவாங்களாம். சுத்துவட்டத்துல இருந்த கெணறெல்லாம் வறண்டுபோச்சு. அவங்கம்மா பக்கெட்டத் தூக்கிக்கிட்டு வண்டித் தண்ணிக்கு நிப்பாங்களாம். பனியில."

ராஜமேரி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"அப்புறம் தாது தீந்துபோச்சு. குழிய மூடிட்டாங்க. ஆம்பளைங்க இப்ப வேற ஊர் சுரங்கத்துக்கு பஸ்சுல போறாங்க. தம்பியும் அப்படித்தான் போனாரு. தாத்தா காடு நடுவுல உள்வாங்கி, குட்டையா கெடக்குதாம்."

சார் இன்னும் ஏதோ சொன்னார். குப்புராஜ் அதையும் சொன்னார். "ஆனா அந்தக் காட்ட வச்சிக்கிட்டு ஏழு புள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்க முடியாதுன்றாரு. இவரு படிச்சதே சுரங்கத்துக் காசுலதானாம்."

"அப்ப நல்லதா கெட்டதாங்க?"

"அத மட்டும் கேக்காதீங்கன்றாரு. இருவது வருஷமா அவரும் அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்காராம்."

கிணற்றைப் பற்றிச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான்கு படி, ஒரே வாரம்.

சார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கிணற்றில் இறங்கிப் படிகளைப் பார்த்தார், டேப்பை விட்டு அளந்தார். பிறகு மூன்றாவது துளையில் நான்கு டிரம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்ற ஊற்ற உள்ளே போனது. துளை நிறையவே இல்லை. அடியில் வெடிப்பு இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் அதற்குள் ஒழுகுகிறது, சிமெண்டு கரைத்து அடைத்துவிடலாம் என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று குப்புராஜ் இழுத்தார். சார் அங்கேயே பெட்டிமேல் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினார். சாயங்காலத்துக்குள் துளையை அடைத்தார்கள். அதோடு அந்தக் கிணற்றில் மோட்டார் போடுவதும் நின்றது. ஞானராஜுக்கு வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. திங்கட்கிழமை இருவரும் முதல் பஸ்சில் அரூர் போனார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கிருஷ்ணப்பன் பத்திரத்தோடு காத்திருந்தார். பத்திரம் எழுதுபவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை.

"என்னா மேரி?" என்றான் ஞானராஜ்.

"நான் போடலீங்க."

"இத்தன பேர் முன்னால என்ன அசிங்கப்படுத்தாத."

"அடிச்சாலும் போடமாட்டேன். சுரங்கம் வந்தா வரட்டும், அவங்களே வந்து கேக்கட்டும். வரலன்னா ராகி வெதைக்க எடம் வேணுமில்ல?"

செய்வது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. அர்ச்சுனன் வீட்டில் கல்லுச்சுவர் எழும்பியதை அவளும்தான் பார்த்திருந்தாள். கிருஷ்ணப்பன் பத்திரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனிமே நீங்களே வந்து கெஞ்சினாலும் வாங்கமாட்டேன்," என்றார். திரும்பும் பஸ்சில் ஞானராஜ் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டான். ஒரு மாதத்துக்கு அவன் அவளிடம் பேசியது சோறு, தண்ணீர் என்ற இரண்டு வார்த்தைதான்.

ஏப்ரல் கடைசியில் ராபேல் சாருக்குக் கடிதம் வந்தது. அவர் நாட்டு அதிகாரிகள் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி, மேலே முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். தம்பி உயிரோடு இருந்தான். ஆனால் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குப்புராஜ் இதைச் சொல்லும்போது சார் கூடாரத்துக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு கேட்டார்.

ஜூனில் கல் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். தாது உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. அடுத்த வருஷ மழைக்குத்தான் கிணறு இரண்டு படி ஏறியது. மற்ற இரண்டு ஏறவில்லை. அரை ஏக்கர் நனைந்தது, அதில் ராகி விதைத்தார்கள். கிருஷ்ணப்பன் வாங்கிய காட்டில் மரவள்ளி போட்டார். அர்ச்சுனன் அதில் கூலிக்குப் போனான்.

அவள் செய்தது சரி என்று ஞானராஜ் ஒருநாளும் சொன்னதில்லை. தப்பு என்றும் சொன்னதில்லை. ஒருநாள் களையெடுத்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் சர்க்கார் ஜீப் ஒன்று வந்து நின்றது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடவந்த நர்சம்மா இறங்கி வழி கேட்டாள். ஞானராஜ் கை காட்டினான்.

"நான் என்னமோன்னு நெனச்சேன்," என்றான் மெல்ல.

"நானுந்தாங்க," என்றாள் அவள். ஜீப் கண்ணுக்கு மறையும்வரை இருவரும் குனியவில்லை.