இடது மூலையில் உட்கார்ந்தவன்

1

இந்தக் கதை ஒரு பெல்ட்டிலிருந்து வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் கடைசிவரை ஒளித்து வைக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே நாற்பது தாண்டித்தான் பழகினேன்.

அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்து ஏரி எங்களுடையது; அதன் படகுத்துறையில் எனக்கு வேலை. ஒரு சனிக்கிழமை, ரஸ்டியின் படகிலிருந்து லோவெல் இறங்கும்போது தடுமாறினான். இடுப்பைப் பிடித்தேன். சட்டைக்குள் கட்டி கட்டியாக ஈயம். முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியில் போவதற்காகக் கட்டிக்கொள்கிற பெல்ட். படகில் சும்மா உட்கார்ந்து வருகிறவனுக்கு அது எதற்கு?

முதல் வரி, முதல் முயற்சி: “ஆர்க்கன்சாவின் பச்சை மலைகளுக்கு நடுவே, காலை வெயில் பொன்னாக உருகும் ஏரியில்—”

(அடித்துவிட்டேன். காலையில் அங்கே பெட்ரோல் வாடைதான்.)

இரண்டாவது: “லோவெல் நல்லவன்—”

(இப்படி ஆரம்பித்தால் அவன் சாகப்போகிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். சாகவில்லை.)

மூன்றாவது: “ரஸ்டியின் படகில் எல்லோருக்கும் ஓர் இடம் உண்டு; லோவெலுக்கு மட்டும் ஒரு மூலை.”

இது நிற்கட்டும்.

2

சனிக்கிழமைகளில் ரஸ்டியின் படகு போவது ஒரு விளையாட்டுக்கு: படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு கயிற்றை விட்டுவிட்டு, படகுக்குப் பின்னால் எழுகிற அலையில் பலகைமேல் நிற்பது. அலை தானாக வராது. படகை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். ஏரித் தண்ணீரையே பம்பு வைத்துப் பெரிய பைகளில் நிரப்பி, இடது பின்மூலையில் கிடத்துவேன். காற்று தங்காமல் பையை அமுக்கி அமுக்கி நிரப்ப வேண்டும், முதுகு போய்விடும். பிறகு அலைத்தட்டு. தாம்பாளம் அளவு பிளாஸ்டிக் தகடு, பின்னால் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர். படகின் பக்கவாட்டைத் துடைத்து, பின்கோடியில் அழுத்தி ஒட்டி, கழன்றால் போய்விடாமல் ஒரு கயிற்றால் கட்டுவேன்.

தட்டை ஒட்டுவது அலை வேண்டிய பக்கத்தில் அல்ல. எதிர்ப்பக்கத்தில். புதிதாகப் படகு வாங்கியவர்கள் எல்லோரும் வேண்டிய பக்கத்திலேயே ஒட்டிவிட்டு, வெறும் நுரையைப் பார்த்து என்னைத் திட்டுவார்கள்.

(முதல் பிரதியில் நானும் அதைத்தான் செய்திருந்தேன். லோவெல்மேல் உங்களுக்கு இரக்கம் வர வேண்டுமென்று இரக்கத்தை லோவெல்மேலேயே ஒட்டினேன். நுரைத்தது. ஆகவே இனி எதிர்ப்பக்கம், ரஸ்டி.)

3

பைகள் போதாவிட்டால் மனிதர்களை ஏற்றுவது எங்கள் ஏரி வழக்கம். ஆளின் எடையைப் பார்த்துத்தான் அழைப்பு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ரஸ்டியும் லோவெலும் கோழி இறைச்சி ஆலையில் ஒன்றாக லாரியில் சரக்கு ஏற்றியவர்கள். ரஸ்டி ஒல்லி, லோவெல் அப்படியில்லை. மனைவி விட்டுப்போன பிறகு லோவெலுக்கு வாரத்தில் பேச்சுத்துணை அந்தச் சனிக்கிழமை மட்டும்தான். ரஸ்டி ஸ்டீயரிங்கை யாரிடமும் தரமாட்டான். அங்கிருந்தே கத்துவான்.

“டேய் லோவெல், எந்திரிக்காதடா. நீ எந்திரிச்சா என் அலை செத்துரும்.”

“ஒண்ணுக்கு வந்தா?”

“உள்ளயே வச்சுக்க. அதுவும் எடைதான.”

எல்லோரையும்விட லோவெல்தான் அதிகமாகச் சிரிப்பான். ஒருதரம் தானும் அலையில் இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். நீ இறங்கிவிட்டால் அலையை யார் போடுவது என்றான் ரஸ்டி. நியாயமான கேள்வி. லோவெல் அதற்கும் சிரித்தான்.

போன குளிர்காலத்தில் நெஞ்சு வலித்து, டாக்டர் மிரட்டியதில், பொரித்த கெளுத்தியை விட்டான், நடந்தான். வசந்தம் வருவதற்குள் பாதி ஆளாகிவிட்டான். எங்கள் ஊரில் ஒரு சுற்று இளைத்தவன்கூட சட்டையை இழுத்து இழுத்துக் காட்டுவான். இவன் மட்டும் தொளதொளச் சட்டை போட்டு மறைத்தான்.

“சனிக்கிழமைப் படகு இல்லாத வாரங்களில், லோவெலின் வீட்டில்—”

(வேண்டாம். நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை.)

4

பெல்ட்டை நான் தொட்டதற்கு அடுத்த சனிக்கிழமை. பின்னால் பலகையில் வருகிறவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று ரஸ்டி என்னையும் ஏற்றிக்கொண்டான். அவன் மனைவி டார்லா பலகையோடு இறங்கினாள். படகு இழுத்தது. போன வாரம்போலவே அலை எழவில்லை, நுரைத்தது.

பையில் காற்று என்றான் ரஸ்டி. அமுக்கிக் காட்டினேன். தட்டு நழுவியிருக்கும் என்றான். கழற்றி, துடைத்து, திரும்ப ஒட்டினேன். ஐஸ் பெட்டியை இடதுபக்கம் நகர்த்தினோம். லோவெல் மூலையில் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்து, பம்பு பழசு, அதுதான் காரணம் என்று பம்பைத் திட்டினான். அவன் கட்டியிருந்த ஈயம் ஒரு கைக்குழந்தை எடை இருக்கும். போனதோ ஓர் ஆள் எடை.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு கனக்காத பெல்ட்டை ஒருவன் நம்புவானா? அவன் அதை நம்பியது அலைக்காக இல்லை, அந்த மூலைக்காக என்று ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். இதுதான் அது.)

டார்லா ஏறி வந்து தலையைத் துவட்டியபடி லோவெலின் கழுத்தையே பார்த்தாள்.

“லோவெல் அண்ணே, என்ன இப்படி இளைச்சுட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லல? இன்னிக்கு நீங்க இறங்குங்க. பலகை இப்ப தாங்கும்.”

சந்தோஷமாகத்தான் சொன்னாள். ரஸ்டி விசிலடித்து, மிதவை அங்கியைத் தூக்கி அவன் மடியில் போட்டான்.

“அவருக்கு முட்டி வலிங்க,” என்றேன் நான்.

லோவெல் என்னைப் பார்த்தான். பெல்ட் விஷயம் எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பெல்ட்டோடு குதித்தால் ஈயம் இழுக்கும். அவிழ்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

5

முடிவு ஒன்று: பெல்ட்டோடு குதிக்கிறான். நான் பாய்ந்து தூக்குகிறேன்.

(எனக்கு நீச்சல் சுமார். என்னைக் கதாநாயகனாக்கும் முடிவை நம்பாதீர்கள்.)

முடிவு இரண்டு: ரஸ்டி எல்லாம் புரிந்து, அவனைக் கட்டிக்கொண்டு கண்ணீர்—

(ரஸ்டியைத் தெரிந்தவர்கள் புத்தகத்தை ஏரியில் எறிவார்கள்.)

நடந்தது: லோவெல் எழுந்து நின்றான். சட்டையைத் தூக்கி, பெல்ட்டை அவிழ்த்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தான். குழந்தையின் தலையைத் தடவுவதுபோல அதைத் தடவினான்.

“இது என் எடத்துல உக்காந்துக்கும்.”

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

ரஸ்டி வந்து பெல்ட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். “இது ஒரு பெட்டி பீர் எடைகூட வராதேடா,” என்றான். குரல் வழக்கமான குரல் இல்லை. அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பிறகு முன்னால் திரும்பி, “டார்லா, நீ ஓட்டு,” என்றான். இடது மூலையில் போய் உட்கார்ந்தான், பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு.

6

லோவெல் பலகைமேல் எழுந்து நின்றானா? அடுத்த சனிக்கிழமைக்கு அவனை அழைத்தார்களா? சொல்லப்போவதில்லை. அவன் இன்னும் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகையில் குதிகாலை ஊன்றி மிதக்கிறான். டார்லா மெல்ல முடுக்குகிறாள். தட்டு சரியாகத்தான் ஒட்டியிருக்கிறது. பைகள் கல் மாதிரி நிரம்பியிருக்கின்றன. ஆனால் ரஸ்டி ஒல்லி என்று முன்பே சொன்னேன். நான் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தும் போதவில்லை. இன்னும் ஓர் ஆள் வேண்டும்.

இடது மூலையில் இடமிருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உட்காருங்கள். அவன் கயிற்றை விட்ட பிறகும் எந்திரிக்காதீர்கள்.