முழங்கால் ஆழம்

குழி முழங்கால் ஆழம் இறங்கியதும் தோட்டக்காரன் வேலுச்சாமியின் கடப்பாரை கல்லில் மோதி நின்றது.

"போதும்லே, மேல ஏறு" என்றான் கிபாயத்துல்லா. "அந்தக் கல்லு என் பங்கு."

வீட்டுக் கொல்லைப்படியில் நின்ற ஆசியாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அண்ணன் சொன்னான். உள்ளே அத்தாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். தோட்டத்தில் அம்மாவின் கபுருக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். கேட்கத் தெரிந்த மனிதர், கொடுக்கத்தான் தெரியாது.

போன மாசியில் இந்த ஆடலூர்த் தோட்டத்தை அவள் பேருக்கு எழுதினார். பத்திர எழுத்தர் வழக்கம்போல 'ஜல தரு பாஷாணம் உட்பட' என்று தண்ணீர், மரம், கல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனார். அலுமினியம் எடுக்கிற கல் இருக்கிறதென்று கம்பெனிக்காரர்கள் தட்டிப் பார்த்துப் போன மறுவாரம் அது. அத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்ல மகனுக்கு எழுதுங்க. பொம்பளப்பிள்ளைக்கு மேல்மண்ணு போதும்."

தாலியறுந்து வந்த நாள்முதல் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

கிபாயத்துல்லா படியருகே வந்தான். "நாளைக்குக் கம்பெனிக்காரன் வெட்டுறப்ப அத்தாவத் தோண்டிப் போடவா முடியும்?"

"அம்மா அங்கதானே கெடக்காங்க."

"ரெண்டு கபுருக்கும் இடம் ஒதுக்கித் தர்றேன். லாரி போக உன் தோட்டத்துக்குள்ள பாதை விடுறேன்னு சொல்லு. வெரசாச் சொல்லும்மா, மையத்து கெடக்கு."

மேல்மண்ணை மிதிக்காமல் கல்லை எடுக்க முடியாது என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்திருந்தது. பெற்றவரின் மையத்தை வைத்துப் பேரம் பேசுகிறானே என்று ஆசியாவுக்கு எரிச்சலாக வந்தது. அத்தாவை நினைத்தாலும் அதே எரிச்சல்தான் வந்தது.

"ஊர் மையத்தாங்கொல்லைக்குத் தூக்கிட்டுப் போங்கண்ணே."

"அத்தா ஆசைப்பட்டது..."

"அத்தா எழுதினதுதான் நிக்கும். மேல்மண்ணு என்னோடது. அதுல லாரி ஏறாது."

மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் இறக்கத்தில் மறைந்தார்கள். வேலுச்சாமி மண்வெட்டியோடு வந்தான்.

"குழிய மூடிரட்டுங்களா?"

"வேணாம்" என்றவள் நாற்றங்காலிலிருந்து காப்பி நாற்றுகளை வேர்மண்ணோடு எடுத்துவந்தாள். முழங்கால் ஆழம் தாராளமாக இருந்தது. ஆள் நீளத்துக்கு வெட்டியிருந்ததால் இரண்டு நாற்று பிடித்தது.